யார் இந்த எதல்பெர்ட்?

செவ்வாய்க்கிழமை இங்கிலீஷ் வகுப்பில் மிஸ் மெர்வா கரும்பலகையின் நடுவே கோடு கிழித்தார். இடப்பக்கம் பொதுப்பெயர், வலப்பக்கம் சிறப்புப்பெயர்.

"ஆறு?"

"ரியோ மின்ஹோ, மிஸ்!"

"டெய்லர்?"

வகுப்பே சிரித்தது. "டெய்லர்னா நம்ம டெய்லர்தான் மிஸ். அதுக்கு மேல என்ன பேரு?"

அதுவும் உண்மைதான். ஜமைக்காவின் அந்த மலையூரில் ஞானஸ்நானப் பெயர் கல்லறைக்கல்லில்தான் வெளிவரும். அதுவரை டெய்லர், டம்ப்ளிங், பூட்ஸ் என்ற பட்டப்பெயரிலேயே காலம் ஓடிவிடும். டெய்லரின் நிஜப்பெயர் மிஸ் மெர்வாவுக்கும் தெரியாது.

கடைசி பெஞ்சில் ஷனோயா எழுந்தாள். "எனக்குத் தெரியும் மிஸ். எதல்பெர்ட் விட்டிங்ஹாம். அவரோட பைபிள்ல எழுதியிருக்கு. தைக்கிறப்ப என்னைப் படிச்சுக் காட்டச் சொல்வாரு."

மிஸ் மெர்வாவின் கை அப்படியே நின்றது. ஞாயிறன்று புதுப் பாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சீட்டைப் பார்த்து, "சகோதரர் எதல்பெர்ட் விட்டிங்ஹாமுக்காக ஜெபிப்போம்" என்றாரே! எந்த ஊர்க்காரரோ, பாவம் என்று சபையே உருகி ஜெபித்துவிட்டுச் சாப்பிடப் போனது. தையல்கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்கள், டெய்லர் தங்கை வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவரைப் பார்க்க ஒருவரும் போகவில்லை.

பள்ளி விட்டதும் மிஸ் மெர்வா பூசணி சூப் வைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு வேன் ஏறினார்.

டெய்லர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்; மிஸ் மெர்வாவின் குரல் கேட்டும் திரும்பவில்லை. "வாங்க மிஸ். ஆறு நாளாச்சு. நம்ம ஊர்ல மனுஷங்க இருக்காங்களா, இல்ல ஆடுங்க மட்டுந்தானா?"

மிஸ் மெர்வா சாக்குச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை உங்களுக்காக ஜெபிச்சோம் டெய்லர். அது நீங்கதான்னு தெரியாமப் போச்சு. மன்னிச்சிடுங்க."

டெய்லர் மெல்லத் திரும்பினார். "யாரு யாரு ஜெபிச்சாங்க?"

"எல்லாருந்தான். சிஸ்டர் ஐசில்டா தேம்பித் தேம்பி அழுதாங்க."

"யாரு, பாவாடை ஓரம் கோணல்னு மூணு மாசமா என்னைத் திட்டுற ஐசில்டாவா?" சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆபரேஷன் செய்த வயிறு இழுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

அந்தக் கண்ணீரை ஆண்டவர் சரியான கட்டிலில்தான் சேர்த்திருப்பார் என்று மிஸ் மெர்வா நம்பினார். சூப்பைத்தான் ஆள் சுமந்து வர வேண்டியிருந்தது.

"அடுத்த ஞாயிறு சபைல எந்தப் பேரைச் சொல்லச் சொல்லட்டும்?"

"ரெண்டையும் சொல்லச் சொல்லுங்க மிஸ்," என்றபடி டெய்லர் கரண்டியை வாங்கினார். "ஜெபம் எதல்பெர்ட்டுக்கு, சூப்பு டெய்லருக்கு."