அக்காவின் வாயோரம்

“சுருட்டியே கொண்டு போங்க. மடிச்சீங்கன்னா மூஞ்சி போச்சு” என்று அச்சுக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். பேருந்துக் கூட்டத்தில் ஆளுயர உருளையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல், பேனரை எட்டாக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டாள் இளையவள்.

மாலை நான்கு மணிக்குக் கணவனின் அண்ணி, இவள் அக்கா என்று கூப்பிடும் மூத்தவள், தையல்கடை திறக்கிறாள். கடையில் இரண்டாவது மெஷின் ஒன்று உறை பிரிக்காமல் நின்றது. “முதல்ல பேனரை உருப்படியா கொண்டு வா, அவசரக்குடுக்கை. மெஷின் உனக்கா, வேற ஆளுக்கான்னு அப்புறம் பார்ப்போம்” என்றிருந்தாள் அக்கா. ஆறு வருடமாக அடுப்படிச் சுவரையே பார்த்து அலுத்தவளுக்கு அந்த மெஷின் தூக்கத்திலும் கடகடத்தது.

வீட்டில் மேசைமேல் பேனரை விரித்தாள். அதில் கத்தரிக்கோலும் கையுமாக அக்காவின் படம். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக மடிப்பு. பாண்டி விளையாடலாம் போலிருந்தது.

இஸ்திரிப் பெட்டியின் சூடு பேனரின் வினைலைச் சுருட்டி இழுத்துவிடும். தலை உலர்த்தும் டிரையரை எடுத்தாள். பேனரைக் குப்புறப் போட்டு, ஒரு சாண் தள்ளிக் காற்றைக் காட்டி, இளகிய இடத்தைப் பழைய பனியனால் நீவினாள். நெற்றி தெளிந்தது. மூக்கு நேரானது. ஆறு வருடத்தில் அக்காவின் முகத்தை இவ்வளவு உரிமையோடு தடவியது இதுவே முதல் முறை.

வாயோரத்து மடிப்பு மட்டும் அடம்பிடித்தது. திருப்பிப் போட்டு, டிரையரைக் கிட்டே கொண்டுபோனாள். வினைல் இழுத்துக்கொண்டு உதட்டின் ஓரம் மெல்ல மேலே ஏறியது. அக்கா சிரித்தாள்!

இளகியிருக்கும்போதே அழுத்தினால் இறங்கிவிடும். பனியன் கையில்தான் இருந்தது. கை போகவில்லை. கை போகவில்லையா, மனசு விடவில்லையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் தெரிந்ததும் பனியனை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்குக் கடை வாசலில் பேனர் ஏறியது. பக்கத்துக் கடைக்காரி அண்ணாந்து பார்த்தாள். “அடேயப்பா, உங்களுக்குச் சிரிக்கக்கூட வருமா!” கூட்டம் கொல்லென்றது.

அக்கா ஸ்டூலில் ஏறினாள். துணி தடவிப் பழகிய விரல் நேராக அந்த இடத்தில்தான் போய் நின்றது.

“மடிச்சியா?”

“மடிச்சேன்க்கா.”

“சூடு காட்டினியா?”

“டிரையர்லக்கா.”

“இந்தச் சிரிப்பு? கை தவறிடுச்சாக்கும்?”

ஆமாம் என்றால் தப்பிக்கலாம். உறை பிரிக்காத மெஷினைப் பார்த்தாள். “மொதல்ல தவறித்தான் போச்சுக்கா. அப்புறம்... நல்லாத்தானே இருக்குன்னு விட்டுட்டேன்.”

அக்கா பேனரிலிருந்த தன் முகத்தைத் தலைசாய்த்து வெகுநேரம் பார்த்தாள்.

“ஒரு பக்கம் மட்டும் சிரிச்சா பல்வலிக்காரி மாதிரி இருக்குடி” என்று இறங்கினாள். “கடைய மூடினப்புறம் அந்தப் பக்கமும் கொஞ்சம் ஏத்திவிடு. இப்ப போய் உன் மெஷினோட உறையப் பிரி.”

சொல்லும்போது நிஜ வாயிலும் அதே ஓரம் ஏறியிருந்தது. அதை இளையவள் பார்த்துவிடுவாளோ என்று அக்கா அவசரமாகத் திரும்பிக்கொண்டாள்.