வீரமுத்து நடத்திய லாரி மறியல்

லாரியை ஓட்டிக் கெடுப்பதற்கு ஒரு கம்பெனி மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறது என்றால் எந்த அப்பன்தான் நம்புவான்? வீரமுத்து நம்பவில்லை.

"வெள்ளிமலைக்கு நெஜ லாரியே போய்க்கினு கீது. நீ இன்னாடான்னா வூட்டுக்குள்ள குந்திக்கினு ஓட்டுற!" என்பார் மகளிடம்.

அபிநயா என்ன செய்வாள்? வேலையே அதுதான். சென்னைக் கம்பெனி ஒன்று மலைப்பாதையில் லாரி ஓட்டும் கேம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அது வெளியே வருமுன் விளையாடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று இவள் சொல்ல வேண்டும். கொரோனா காலம் என்பதால் சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் சொந்த வீட்டிலிருந்தே வேலை. பாறையில் மோதினாள், பள்ளத்தில் உருட்டினாள், ரிவர்ஸிலேயே மலை ஏறினாள். சிக்கியதெல்லாம் சில்லறைக் கோளாறுகள். ஆட்டுக்கு நிழல் இல்லை. புளியமரம் அந்தரத்தில் நிற்கிறது.

"கேமே படுத்துடற மாதிரி ஒண்ணு வெள்ளிக்கிழமைக்குள்ள பிடிங்க அபிநயா. இல்லன்னா உங்கள நிரந்தரமாக்கச் சொல்லி நான் மேல பேச முடியாது" என்று டீம் லீடர் சுஐப் சொல்லிவிட்டார்.

வேலை போனால் அடுத்தது என்ன என்பது வீட்டுச் சுவருக்கும் தெரியும். ரிஷிவந்தியத்தில் அத்தை மகன் மீசையை முறுக்கிக்கொண்டு காத்திருந்தான். நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பாழாய்ப்போன மனசுக்கு அந்த லாரிதான் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமையும் வந்தது. இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். காலையில் கூட்டுரோட்டு மறியலுக்குப் போன வீரமுத்து, சாயங்காலம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பினார். உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் போலீஸ் எல்லோரையும் அள்ளிப்போய்க் கல்யாண மண்டபத்தில் அடைத்து, தக்காளி சாதம் போட்டு அனுப்பிவிட்டது. மனுவை வாங்க ஒரு ஆள் வரவில்லை.

"சோறு போட்டு அனுப்புறானுங்க பாப்பா! கல்யாணத்துக்கா போனோம் நாங்க?"

பதில் சொல்லுமுன் கொல்லையிலிருந்து அம்மா கொளஞ்சியம்மாள் கத்தினாள். "அடியே, செவல அவுத்துக்கினு கரும்புல பூந்துடுச்சு! ஓடியாடி!"

அந்தச் செவலை மாடு அபிநயா குரலுக்குத்தான் கட்டுப்படும். அப்பாவைக் கண்டால் முட்டும்.

"யப்பா, லாரிய ஓட்டிக்கினே இரு. நின்னுதுன்னா வேல செய்யலன்னு கணக்காயிடும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கரும்பு டிராக்டர் ஓட்டிய கைக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? வீரமுத்து சுகமாக ஓட்டினார். ஒரு வளைவில் செக்போஸ்ட் வந்தது. பொம்மை போலீஸ் ஒன்று கையை நீட்டி நிறுத்தியது. காலையிலிருந்து அடக்கிவைத்த கோபம் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. லாரியை ஒடித்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டார்.

மாட்டைக் கட்டிவிட்டு வந்த அபிநயா நெஞ்சில் கை வைத்தாள். லாரிக்குப் பின்னால் வந்த பஸ் நிற்கத் தெரியாமல் அதன் மேல் ஏறியிருந்தது. பஸ் மேல் வேன். வேன் மேல் பால் வண்டி. மலையை விட உயரமாக வண்டிகள் ஏறிக்கொண்டே போயின. வீரமுத்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க எவன் வந்து கலைக்கிறான்னு பாக்குறேன்!"

திரை உறைந்தது. கேம் அணைந்தே போனது.

"என் வேலைக்கு வேட்டு வெச்சிட்டியே யப்பா!" என்று கத்தியவள் பாதியில் வாயை மூடினாள். இத்தனை நாளாக லாரியை எப்படியெல்லாமோ ஓட்டியவளுக்கு, குறுக்கே நிறுத்திப் பார்க்கத் தோன்றவேயில்லை. உடனே சுஐப்பை வீடியோவில் அழைத்து, அப்பா செய்ததைச் சொல்லி, தானே லாரியைக் குறுக்கே போட்டுக் காட்டினாள். அவர் கண்முன்னாலும் கேம் படுத்தது.

"ரோட்டுக்குக் குறுக்க லாரிய யாரும்மா நிறுத்துவாங்க?"

"எங்க ஊர்ல நிறுத்துவாங்க சார்."

சுஐப் சிரித்துவிட்டார். "சரி, இன்னொரு தடவ. நிறுத்தின ஐயாவே ஓட்டட்டும். கேம் படுக்கறதுக்கு முன்னாடி லாரிய எடுத்தா சரியாகுதான்னு பாக்கணும்."

வீரமுத்து குறுக்கே போட்டார். வண்டிகள் ஏறத் தொடங்கின.

"இப்ப எடுங்க ஐயா."

"எடுக்க முடியாதுங்க."

"ஏங்க?"

"கோரிக்கை இருக்குதுங்க. எம் பொண்ணு வேலைய நெரந்தரமாக்கணும்."

அபிநயாவுக்கு மானமே போயிற்று. "யப்பா, எழுந்திரு!" என்று தோளைப் பிடித்து இழுத்தாள். மனிதர் அசைவேனா என்றார்.

"மேலிடத்துல கேக்கணும் ஐயா" என்றார் சுஐப்.

"இன்ஸ்பெக்டரும் காலைல அதையேதான் சொன்னாருங்க. எழுத்துப்பூர்வமா குடுங்க, எடுக்கறேன்."

சுஐப் சிரிப்பை அடக்கமாட்டாமல் யாரையோ கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அந்தப் பக்கம் இன்னொரு சிரிப்பு கேட்டது. பால் வண்டி மேல் ஜீப் ஏறும்போது அபிநயாவுக்கு மெயில் வந்துவிட்டது. வேலை நிரந்தரம். அவள் அதைப் படித்துக் காட்டினாள். வீரமுத்து இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, லாரியை மெல்ல ஓரங்கட்டினார். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

அவர் துண்டால் கண்ணைத் துடைப்பதை அபிநயா பார்த்தாள். "இன்னா யப்பா?"

"ஒண்ணுமில்ல பாப்பா. உன் வயசுலேர்ந்து ரோட்டுல குந்திக்கினு கீறேன். கேட்டது கெடச்சது இன்னிக்குத்தான்."