ஆடாத பலகை

காரின் பின்கதவைத் திறந்து, போர்வையில் சுற்றிய அந்த மின்சார ஸ்கேட்போர்டை ஹார்லன் வெளியே எடுத்தபோதே வெர்னாவுக்கு மனசு இடித்தது. அவருக்கு அறுபது வயதுக்கு மேலிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் தோல் செருப்பு. வாழ்நாளில் ஒருநாள்கூட பலகைமேல் ஏறி நின்றவர் மாதிரித் தெரியவில்லை.

வெர்னா தலாவேரா லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. ஓக்லண்டில் மருந்துக்கடையில் வேலை. சீட்டில் இருக்கும் டாக்டர் கையெழுத்தையே திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். போதாததற்குப் போன வருஷம் ஒரு தேன்பேச்சுக்காரனிடம் பழைய போர்டு வாங்கி, அதன் பேட்டரி சமையலறையிலேயே புகைந்து, கதவும் ஜன்னலும் திறந்துபோட்டுத் தெருவில் போய் நின்றவள். அன்றிலிருந்து யார் எதை விற்றாலும், 'இவன் எதை மறைக்கிறான்?' என்பதுதான் முதல் கேள்வி.

ஆனால் போர்டு இல்லாமல் அவளுக்கு முடியவில்லை. வீடு குன்றின்மேல், கடை அடிவாரத்தில், அங்கே கார் நிறுத்த இடமில்லை. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் வைத்த வகையெல்லாம் சத்தமில்லாமல் ஓடும், மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும். பெல்ட் போட்டவை இரைச்சல், ஆனால் இழுக்கும். ஓக்லண்டின் ஓட்டை ரோட்டுக்குக் காற்றடைத்த சக்கரம் வேண்டும். இறக்கத்தில் பிரேக் கைவிடக் கூடாது. வாரக்கணக்கில் தேடிச் சலித்த பிறகு அத்தனையும் ஒன்றாக அமைந்த போர்டு இதுதான். அதனாலேயே சந்தேகம். இப்படி ஒன்றை யாராவது விற்பார்களா?

"எதுக்கு விக்கிறீங்க?" என்றாள்.

"வீட்ல யாரும் ஓட்டறதில்லம்மா."

"ஓட்டாமத்தான் இப்படித் தேஞ்சிருக்கா?"

பலகைமேல் கால் வழுக்காமலிருக்க ஒட்டிய சொரசொரத் தாள் இரண்டு இடத்தில் வழவழத்துப் போயிருந்தது, பாதம் பதிந்து பதிந்து. சின்னப் பாதம், குறுகலானது. வெர்னா ஹார்லனின் செருப்பைப் பார்த்தாள். தோணி மாதிரி இருந்தது.

"ரிமோட்டை ஆன் பண்ணுங்க, பாக்கலாம்."

ஹார்லன் தப்பான பொத்தானை அழுத்தினார். பிறகு இன்னொன்றை. கடைசியில் அவளே வாங்கி ஆன் செய்தாள்.

இடம் பேசியபோதும் இப்படித்தான். ஏதோ ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் பார்க்கலாம் என்றார் அவர். முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டேன், அலமீடா பழைய விமானத்தளத்துக்கு வாருங்கள் என்றாள் இவள். "அங்க போர்டுக்காரங்க நிறைய வருவாங்களே" என்று இழுத்தார். செவ்வாய்க்கிழமை காலையில் யார் வருவார்கள் என்று கேட்ட பிறகுதான் சம்மதித்தார். ஆட்கள் வந்தால் இவருக்கு என்ன?

திருட்டுச் சாமான்தான் என்று முக்கால்வாசி முடிவுகட்டிவிட்டாள். கார் நம்பரைச் சத்தமில்லாமல் போனில் படமெடுத்துக்கொண்டாள். அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் மோட்டார்களின் பெல்ட்டை விரலால் சுண்டிப் பார்த்ததும் கால் நமநமத்தது.

"ஒரு சுத்து போய்ட்டு வரேன்."

"நீங்க அப்படியே ஓட்டிக்கிட்டுப் போய்ட்டா?" என்றார் ஹார்லன். "கார் சாவியக் குடுத்துட்டுப் போங்க."

வெர்னா வளையத்திலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மீதியைக் கொடுத்தாள்.

வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. ஓடுபாதையின் விரிசல்களில் காய்ந்த புல். முழங்காலை மடக்கி, கட்டைவிரலால் ரிமோட்டின் சக்கரத்தை மெல்லத் தள்ளினாள். அடுத்த கணம் தரை காலடியில் கரைந்து ஓடியது. விரிசல்மேல் ஏறும்போது சக்கரம் மெத்தென்று அமுங்கியது. இன்னும் தள்ளினாள். ஹெல்மெட்டுக்குள் காற்று ஊளையிட்டது, கண்ணில் நீர் வழிந்தது, பலகையோ நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது. பிரேக்கைத் தொட்டால் பணிந்தது, விட்டால் பறந்தது. யார் பொருள், யார் திருடினார் எல்லாம் கொஞ்ச நேரம் மறந்தே போயிற்று.

பாதையின் கோடியில் திரும்பும்போது பக்கவாட்டிலிருந்து இன்னொரு போர்டு சீறி வந்து வழி மறித்தது. முட்டிக்கும் முழங்கைக்கும் கவசம் போட்ட தாட்டியான ஆள்.

"நிறுத்துங்க! நிறுத்துங்கங்கறேன்! இது யாரு போர்டு?"

"விலைக்குப் பாக்கறேன். உங்களுக்கு என்ன?"

"எனக்கு என்னவா? இது எங்க போர்டு குழுத் தலைவியோடது. முன்னாடி சக்கரத்தை மாட்டிக் குடுத்ததே நான்தான். எங்கேருந்து தூக்கினீங்க?"

வெர்னாவுக்குச் சுரீரென்றது. "தூக்கினது நான் இல்ல. அதோ, அந்தக் கார்க்காரர்தான் விக்கிறார்."

அவள் கைகாட்டிய அதே நேரத்தில், தூரத்தில் நின்ற ஹார்லனின் கார் நகர ஆரம்பித்தது.

"ஐயோ, என் சாவி!"

"நல்லா நடிக்கிறீங்க" என்று அந்த ஆள் போனை எடுத்து அவளைப் படம் பிடித்தான். வாழ்நாளெல்லாம் பிறரைச் சந்தேகப்பட்டவளுக்குச் சந்தேகப்படுகிற கண் எப்படிக் குத்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் கார் போய்விடவில்லை. வாசல்கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பின்விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தன. அந்த ஆள் கண்ணை இடுக்கிப் பார்த்தான். முகம் மாறியது.

"அது ஹார்லன் வண்டி மாதிரியில்ல இருக்கு?"

"அவர் பேரு ஹார்லன்தான். உங்களுக்குத் தெரியுமா?"

"தலைவியோட வீட்டுக்காரர்ங்க."

அவன் பெயர் ஓஸ்வால்டோ. அங்கேயே நின்று போன் போட்டான். மணிக்கட்டு முறிவுக்கு உடற்பயிற்சி செய்துவைக்கும் இடத்தில் இருந்த தலைவி லோரெட்டா, அப்படியே ஒரு டாக்சியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். நரைத்த ஒற்றைப் பின்னல், குட்டை உருவம், இடது மணிக்கட்டில் பட்டை. அவரைக் கண்டதும் ஹார்லனின் காரும் ஊர்ந்து ஊர்ந்து திரும்பி வந்தது.

"என்ன ஹார்லன் இது?"

"உன் நல்லதுக்குத்தான், லோரி."

"திருட்டுப் போச்சுன்னு சொல்லியிருப்பே. இல்ல?"

ஹார்லன் வெர்னாவின் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

லோரெட்டா ஒரு பெருமூச்சு விட்டு வெர்னா பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கம்மா. இது விக்கறதுக்கு இல்ல. ஆனா நானும் ரொம்ப நாள் ஓட்டப்போறதில்ல. எப்படி இருந்துது?"

"பிரமாதம்."

"முழு வேகம் போனியா?"

"போனேன்."

"ஆடலையா?"

"இல்லையே. நூல் பிடிச்ச மாதிரி போச்சு."

"நெசமாச் சொல்லு. வேகம் ஏறினதும் முன்பக்கம் நடுங்கலையா? துளிகூட?"

"துளிகூட இல்லீங்க."

லோரெட்டாவின் முகம் வெளுத்துப்போயிற்று. கோடைகாலத்திலிருந்தே வேகம் ஏறினால் லோரெட்டாவின் காலடியில் பலகை உதறியது என்றும், அப்படி உதறித்தான் விழுந்தார் என்றும் ஓஸ்வால்டோ பிறகு வெர்னாவிடம் சொன்னான். போர்டின்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவருடைய அம்மாவுக்கு அறுபதில் கை நடுக்கம் ஆரம்பித்து, கடைசியில் கரண்டி பிடிக்க முடியாமல் போனதாம். தனக்கும் அதுதான் வந்துவிட்டது என்று நினைத்து, நரம்பு டாக்டரிடம் நாள் குறித்துவைத்திருந்தார்.

லோரெட்டா மண்டியிட்டு, நல்ல கையால் பலகையைக் கவிழ்த்தார். முன் அச்சின் நட்டுப் பக்கம் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஓஸி, இங்க வா. நட்டை முடுக்கினதும் நகப்பூச்சால ஒரு கோடு போடுவேனே. பின்னாடி பாரு, கோடு நேராச் சேருது. முன்னாடி?"

"சேரலையே தலைவி. தானா தளர்ந்திருக்குமோ?"

"தளர்ந்தா அந்தப் பக்கம் விலகும். இது என் கோட்டையும் தாண்டி இறுக்கியிருக்கு. யாரோ கழட்டி, அப்புறம் பயந்துபோய் நல்லா முடுக்கியிருக்காங்க. விழுந்தப்புறம் நான் போர்டு வெச்சிருந்த ஷெட் பக்கமே போகல."

மூன்று பேரும் ஹார்லனைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம்தான் தளர்த்தினேன்" என்றார் அவர். குரல் எங்கோ உள்ளே இருந்து வந்தது. "எத்தனை தடவை கெஞ்சினேன் உன்கிட்ட? பந்தயம் பந்தயம்னு பறந்தே. லேசா ஆடினா நீயே பயந்து விட்டுடுவேன்னு நெனச்சேன். விழுவேன்னு நெனைக்கல. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே இறுக்கிட்டேன், லோரி."

"பயந்தேன், ஹார்லன். போர்டைப் பாத்து இல்ல. தினமும் காலையில கையை நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டேன், நடுங்குதா நடுங்குதான்னு. நீ பக்கத்துல உக்காந்து சூப் ஊத்திக் குடுத்தே. அப்பகூட வாயைத் திறக்கல."



லோரெட்டா எழுந்தார். கைகளை முன்னால் நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். காற்று பின்னலைத் தூக்கியடித்தது, அவர் அசையவில்லை. நின்றபடியே அழுதார்.

பிறகு போர்டை ஓஸ்வால்டோவின் வேனில் ஏற்றச் சொல்லி, தானும் அதிலேயே ஏறிப் போய்விட்டார். ஹார்லன் சாவியை நீட்டினார். வெர்னா வாங்கிக்கொண்டாள். அவரிடம் கோபமாக ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தவள், அவர் கையைப் பார்த்து விட்டுவிட்டாள். அது உதறிக்கொண்டிருந்தது.

வெர்னாவுக்கு ஓஸ்வால்டோவே வேறொரு போர்டு தேடிக் கொடுத்தான். அதன் அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் விமானத்தளத்துக்குப் போக ஆரம்பித்தாள்.

வசந்தம் பிறந்த பிறகு ஒருநாள் லோரெட்டா மறுபடி ஓட்ட வந்தார். கேட்டுக்கு வெளியே பழக்கமான கார் ஒன்று நின்றிருந்தது. உள்ளே ஹார்லன், ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி. இறங்கவில்லை.

"வீட்டுக்குத் திரும்பிப் போயிட்டீங்களா?" என்று வெர்னா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"போயிட்டேன். அவன் போடற காபியக் குடிக்கிறேன்." லோரெட்டா ஹெல்மெட் வாரை மாட்டினார். "போர்டு மட்டும் ஓஸி வீட்ல இருக்கு."

அவர் கட்டைவிரல் அசைந்தது. பலகை சீறிக்கொண்டு கிளம்பியது. காருக்குள் ஹார்லன் முகத்தைத் திருப்பிக்கொள்வதை வெர்னா பார்த்தாள்.