உறையின் மேல் பிறந்தநாள்

நவம்பர் 2, திங்கள். ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். தபால் ஓட்டு உறையில் கையெழுத்திட்ட தேதிக்குப் பதிலாக என் பிறந்த தேதியை எழுதியிருக்கிறேன். சிறிய தவறு என்று நான்தான் சொல்கிறேன்.

டெலியா கொவாலிக் அதுவரை எழுதிவிட்டு நிறுத்தினாள். மாலை வகுப்புக்காக எழுதும் நாள்குறிப்பில் அவள் ஒருநாளும் தேதியைத் தவறவிட்டதில்லை. இப்படிக் கோட்டைவிட்டது ஓட்டில்தான். போன முறை அவள் ஓட்டுப் போடவில்லை. அந்த முறைதான் பள்ளி நிர்வாக வாரியத் தேர்தலில் ஓட்டுகள் சமமாகி, பைக்குள் கைவிட்டுச் சீட்டெடுத்து ஜெயித்தவரை முடிவு செய்தார்கள். இந்த முறை விடுவதில்லை என்றிருந்தாள். தேர்தலன்று ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பகல் ஷிப்ட் என்பதால் தபாலில் போட்டாள்.

உங்கள் ஓட்டு எண்ணப்படாமல் போகலாம் என்று அன்று மதியம் மின்னஞ்சல் வந்ததும், மாவட்டம் போன்ற கவுண்டியின் தேர்தல் அலுவலகத்துக்கு ஓடினாள். ஜன்னலுக்குப் பின்னால் ஸ்டோல்ட்ஸ் அம்மாள் உறையை எடுத்துக் காட்டினார்.

"உங்க பிறந்தநாளைப் போட்டிருக்கீங்கம்மா. இந்தக் கணக்குப்படி பிறந்த அன்னிக்கே ஓட்டுப் போட்டுட்டீங்க."

"உறை வந்த தேதியை நீங்களே முத்திரை குத்தியிருக்கீங்களே, மேடம்?"

"அது எங்க தேதி. சட்டத்துக்கு உங்க தேதிதான் வேணும்."

"அதை வச்சு என்ன பண்ணுவீங்க?"

"சரியா இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டோம். தப்பா இருந்தாத்தான் வேலை."

"இப்பவே திருத்திக் குடுத்துடறேனே?"

"பக்கத்து கவுண்டியில விடுவாங்க. இங்க விடறதில்ல. நாளைக்கு உங்க ஓட்டுச்சாவடிக்குப் போய், சரிபார்த்துட்டு அப்புறமா எண்ணுற தற்காலிக ஓட்டுச்சீட்டு கேளுங்க. அதைப் போடற உறையில ரெண்டு இடத்துல கையெழுத்து. ஒண்ணு விட்டாலும் அதுவும் போச்சு."

வீட்டில் தம்பி நேட் சோபாவில் படுத்தபடியே சிரித்தான்.

"தினமும் தேதி போட்டு எழுதுற ஆளு நீ! நான் ஓட்டே போடப் போறதில்ல. என்னோடதையும் எண்ண மாட்டாங்க, உன்னோடதையும் எண்ண மாட்டாங்க. சமத்துவம் வந்துடுச்சுக்கா!"

"வாயை மூடுடா. நாளைக்கு உன் காரைக் குடு."

"அவ்வளவு தூரம் போய் நிக்கணுமா? எண்ணுவாங்கன்னு யாராச்சும் எழுதிக் குடுத்தாங்களா?"

யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எண்ணாமல் விட்டாலும் தன் பக்கம் தவறில்லாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள். அது நியாயமா, வெறும் பிடிவாதமா என்று அவளுக்கே தெரியவில்லை. சலவைக்கூட மேற்பார்வையாளர் ரொசால்பாவைப் போனில் கூப்பிட்டு, நாளைய ஷிப்டை மாற்றித் தரக் கேட்டாள். "சாயங்கால ஷிப்டுக்கு வாடி. ஆனா ஆபரேஷன் தியேட்டர் துணியெல்லாம் உன் தலையிலதான்," என்றாள் ரொசால்பா.

டெலியா மறுபடி எழுத உட்கார்ந்தாள்.

நாளை: காலை ஏழு மணிக்குத் தீயணைப்பு நிலையச் சாவடி. தற்காலிக ஓட்டுச்சீட்டு கேட்க வேண்டும். இரண்டு கையெழுத்தும் போட்ட பிறகே உறையைக் கொடுக்க வேண்டும். பிறகு வேலைக்குப் போக வேண்டும்.