மினுங்காத பைகள்

ரத்த வங்கியின் ஆய்வுக்கூடத்தில் தட்டணுப் பைகளைக் கவனிப்பது அவள் வேலை. ரத்தத்தை உறைய வைக்கும் அந்த அணுக்களில் ஒருவருடையவை பையில் பல நாள் உயிரோடு நிற்கின்றன, இன்னொருவருடையவை சீக்கிரமே செத்துப்போகின்றன. அது ஏன் என்பதுதான் ஆராய்ச்சி. பையை வெளிச்சத்தில் பிடித்து லேசாக அசைத்தால், உயிருள்ள தட்டணுக்கள் புகை சுழல்வதுபோல் மினுங்கும். செத்தவை சும்மா கிடக்கும்.

மினுங்காத பைகள் அடிக்கடி கண்ணில் படத் தொடங்கியதும், அவள் சந்தேகம் நேரே டெக்னீஷியன் மேல் பாய்ந்தது. பைகளை ஓயாமல் ஆட்டிக்கொண்டிருக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. ஆட்டம் நின்றால் தட்டணுக்கள் சாகும். தன் போனுக்குச் சார்ஜ் ஏற்ற மனுஷன் அதன் பிளக்கைப் பிடுங்குகிறார் என்றே முடிவுகட்டினாள். கையும் களவுமாகப் பிடிக்கக் கதவோரம் நின்றும் பார்த்தாள். ஒன்றும் சிக்கவில்லை.

பிறகு அவருக்குத் தெரியாமல், வந்த ஒவ்வொரு பையையும் இரண்டு சிறு பைகளாகப் பிரித்து, ஒன்றைப் பக்கத்துக் கூடத்து இயந்திரத்தில் வைத்தாள். எல்லோருடையதும் இரண்டு இடத்திலும் நன்றாகவே இருந்தது. ஒருவருடையது மட்டும் இரண்டு இடத்திலும் செத்தது. யார் என்று பார்த்தால் அவள் கொழுந்தன். ஆராய்ச்சிக்காக அடிக்கடி தட்டணு கொடுக்க அவளே கூட்டிவந்தவன்.

சந்தேகம் வீட்டுக்குக் குடிவந்தது. ஏதாவது மாத்திரை விழுங்குகிறானோ என்று அவன் சட்டைப் பையைத் துழாவினாள். கசங்கிய பஸ் டிக்கெட்தான் இருந்தது. கணவனிடம் சொன்னதற்கு, என் தம்பியைத் துப்பறியவா உன்னைப் படிக்கவைத்தார்கள் என்று வாயை அடைத்துவிட்டான்.

சாப்பிடும்போது கொழுந்தனிடமே கேட்டுவிட்டாள். "உண்மையைச் சொல்லு. தண்ணி போடுறியா?"

அவன் சிரித்தபடி பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். "இந்தத் தண்ணிதான் அண்ணி. எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கமாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலையிலேயே பரிசோதனைக்கு இழுத்துப் போனாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. நல்லவேளை, இப்போதாவது வந்தீர்கள் என்றார் டாக்டர். தட்டணுக்கள் சாவதற்கு அதுதான் காரணமா என்று ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது, சர்க்கரை உள்ள இன்னும் பலருடையதைப் பார்க்க வேண்டும் என்றார் ஆய்வுத் தலைவர்.

டெக்னீஷியனிடம், அவரைச் சந்தேகப்பட்ட விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னாள். அவர் முகம் மாறவில்லை.

"பாதிப் பைகள் பக்கத்துக் கூடத்துக்குப் போனதைப் பார்த்தேன் மேடம். நீங்களா கேட்பீங்கன்னு இருந்தேன்."

மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றார். ஆனாலும் அன்றிலிருந்து இயந்திரத்தைத் தொடும்போதெல்லாம், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவளைக் கூப்பிடுகிறார். அது மரியாதையா, குத்தலா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.