ஒரு விரல் தூக்கினால்

எந்த உயிரையும் வெறும் பார்வையால் அசையாமல் உட்காரவைக்கும் ஆற்றல், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட பூமியில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் ராமசுப்பு. இதை ஊரில் யாரும் மறுத்ததில்லை. யாரும் சொன்னதும் இல்லை, அவரேதான் சொல்லிவந்தார். ஆனாலும் ஒரு தகவலைத் தினமும் காலையில் தங்கபாண்டியின் டீக்கடையில் உரக்க அறிவித்துவந்தால், கொஞ்ச நாளில் அதற்கு ஓர் அரசாணையின் தோரணை வந்துவிடுகிறது.

ஆதாரமும் வைத்திருந்தார். பனிமலையில் அவர் ஓட்டிப்போன ராணுவ லாரிக்கு முன்னால் ஒரு கரடி வந்து நின்றது. அவர் பார்த்தார். கரடி உட்கார்ந்துவிட்டது.

"உக்காந்தே போச்சா மாமா?" என்று தங்கபாண்டி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டான்.

"சம்மணம் போடல. மத்தபடி உக்காந்துச்சு."

"லாரியில ஹெட்லைட் போட்டிருந்தீகளா?"

"அது வேற விசயம்டா."

தங்கபாண்டி கிளாசை நீட்டினான். "சனிக்கிழமை அத்தைக்குப் பாராட்டு விழாவாமே. ஸ்கூல் வேன்ல மைக் கட்டிச் சொல்லிட்டுப் போறாக."

ராமசுப்பு மீசையை ஒதுக்கிவிட்டு ஒரு வாய் குடித்தார். "என்னத்தப் பாராட்டுறது? டவுசர் பட்டனைக் கழத்திவிட்டு ஒண்ணுக்குக் கூட்டிட்டுப் போற உத்தியோகம். அதுக்கு ஒரு சாமியானா, ஒரு பொன்னாடை."

"எனக்கே கழத்திவிட்டவுக மாமா. சும்மா சொல்லாதீக."

"அதான் நீ டீ ஆத்திக்கிட்டிருக்க. அந்த வகுப்புல டிசிப்ளின் இருக்கா? ஒரு விரலைத் தூக்குனாப் போதும், கேள்வியே இல்லாம வெளிய விட்டுருவா. பட்டாளத்துல அணிவகுப்புல நிக்கிறவன் விரலைத் தூக்குனா என்ன ஆகும் தெரியுமா? நானும் அன்னைக்குப் பேசுறேன். என் பேச்சு முடியுற வரைக்கும் ஒரு பிள்ளை எந்திரிக்காது. எந்திரிச்சா மீசையை எடுத்துடுறேன்."

"வேணாம் மாமா. போன எலெக்‌ஷனுக்குச் சொன்ன மீசையே இன்னும் அங்கனதான் இருக்கு."

அத்தை என்று தங்கபாண்டி சொன்னது சரஸ்வதி டீச்சரை. ராமசுப்புவின் மனைவி. அவர் எல்லையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், மகள் பிரவீணாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அந்த நர்சரிப் பள்ளிக்கு வேலை கேட்டுப் போனவர். அப்போது பள்ளி என்பது சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிய ஓர் ஓட்டுக் கட்டடம். பிறகு அது மாடி, வேன், ஆண்டு விழா என்று வளர்ந்தது. டீச்சர் மட்டும் எல்கேஜியை விட்டு மேலே போகவில்லை. டவுசர் நனைந்த பிள்ளைக்கு மாற்றுத்துணி வைத்த ஒரு மஞ்சள் பையும், ஒரே ஒரு சட்டமும் அவரிடம் இருந்தன. விரல் தூக்கின பிள்ளையை ஏன் என்று கேட்கக் கூடாது.

இந்த வருடம் அவருடைய வகுப்பில் பிரவீணாவின் மகளும் இருந்தாள். எண்கணிதம் பார்த்துச் சஷ்விகா என்று பெயர் வைத்திருந்தார்கள். தாத்தா வாயில் அது நுழையாததால் பாப்பா. பள்ளியில் டீச்சர், வீட்டில் அம்மாச்சி என்று கூப்பிட வேண்டும் என்பதில் பாப்பா மிகக் கறாராக இருந்தாள். பள்ளி வாசற்படி தாண்டும் வரை அம்மாச்சி என்று ஒருபோதும் சொல்லமாட்டாள். மிலிட்டரிக்காரர் பேத்தி என்று தாத்தா இதற்கும் பெருமைப்பட்டுக்கொண்டார்.

விழாவுக்குக் கிளம்பும்போது சரஸ்வதி சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "ரெண்டு வார்த்தை பேசுங்க. ரெண்டுன்னா ரெண்டு. சின்னப் பிள்ளைக வெயில்ல உக்காந்திருக்கும்."

"எனக்குத் தெரியாதா?" என்றார் ராமசுப்பு, மெடல்களைச் சட்டையில் குத்திக்கொண்டு.

பள்ளி மைதானத்தில் சாமியானாவுக்கு அடியில் தார்ப்பாய் விரித்துப் பிள்ளைகளை உட்காரவைத்திருந்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் ரோஸ்மில்க் வேறு கொடுத்திருந்தார்கள். தாளாளர் ஜெகதீஸ்வரன் டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். ஏற்புரைக்கு முன்பாக, நாட்டைக் காத்த அவருடைய கணவர் ஓரிரு வார்த்தை பேசுவார் என்று அறிவித்தார்.

ராமசுப்பு பனிமலையில் ஆரம்பித்தார். ராஜஸ்தான் மணல் வழியாக மறுபடி பனிமலைக்கு வந்தபோது முன்வரிசையில் ஒரு விரல் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. மேடையில் இருந்த சரஸ்வதி, பொன்னாடையோடு நாற்காலியை விட்டு எழப்பார்த்தார்.

"டீச்சர் உக்காரணும்!" என்றார் ராமசுப்பு மைக்கில். "இன்னைக்கு நீங்க விருந்தாளி." பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "கையை இறக்கு! வீரன்னா அசையக் கூடாது. தாத்தா பேச்சு முடியுற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. எங்க, பாப்போம்."

பார்த்தார். விரல்கள் இறங்கின. பந்தலின் ஓரத்தில் நின்ற தங்கபாண்டியை அவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு விரல் மட்டும் இறங்கவில்லை. பச்சைப் பட்டுப்பாவாடையில் பாப்பா. தாத்தாவையே பார்த்தபடி விரலை நெஞ்சுக்கு நேரே வைத்திருந்தாள். ராமசுப்பு கரடிக்குக் கொடுத்த பார்வையை அவளுக்கும் கொடுத்தார். அந்த விரலும் மெதுவாக மடங்கி மடிக்குள் போனது.

கரடிக் கதையை அவர் இவ்வளவு நன்றாக என்றைக்கும் சொன்னதில்லை. கரடி உட்காரும் இடத்தில் கைதட்டுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த அமைதியில்தான், தார்ப்பாயின் பள்ளத்தில் ஒரு கோடு மினுங்கிக்கொண்டு மேடையை நோக்கி வருவதைப் பார்த்தார். கோடு எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் தேடிக்கொண்டு போனார். பாப்பாவின் பாவாடையில் போய் முடிந்தது.

"டேய், மிலிட்டரி பேத்தி மூத்திரம் போயிருச்சு!" என்று பின்வரிசையில் ஒரு குரல். பந்தல் முழுக்கச் சிரிப்பு. பெற்றோர்களும் சிரித்தார்கள். ராமசுப்பு மைக்கைப் பிடித்தபடி நின்றார். அடுத்த வரி ஞாபகம் வரவில்லை.

அவர் நிற்கும்போதே சரஸ்வதி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போயிருந்தார். தோளில் கிடந்த பொன்னாடையை உருவிப் பாப்பாவின் இடுப்பில் சுற்றினார். ஒன்றும் நடக்காததுபோல் அவளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் பின்னால் கழிப்பறையை ஒட்டிய தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார். பிரவீணா பின்னாலேயே ஓடினாள். ராமசுப்பு மைக்கில் "ஜெய்ஹிந்த்" என்றார். அந்த இடத்தில் அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. அவரும் இறங்கிப் போனார்.

தொட்டியடியில் பாப்பா அழவில்லை. தாத்தாவைக் கண்டதும் பொன்னாடையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

"தாத்தா, நான் எந்திரிக்கவே இல்ல. ஒக்காந்துக்கிட்டேதான் இருந்தேன்."

ராமசுப்பு அவள் பக்கம் குனிந்தார். சட்டையில் மெடல்கள் கிலுகிலுத்தன.

"சமத்து," என்றார் சரஸ்வதி. மஞ்சள் பையிலிருந்து ஒரு டவுசரை எடுத்து மாட்டிவிட்டார். "ஆனா இனிமே ஒண்ணுக்கு வந்தா எந்திரிச்சிறணும். யாரு சொன்னாலும் சரி."

"டீச்சர் சொன்னாலும்?"

"டீச்சர் சொன்னாலும்."

பிரவீணா ஈரப் பாவாடையைக் கையில் வைத்திருந்தாள். அப்பாவைப் பார்க்காமலேயே பேசினாள். "விடுங்கப்பா. எனக்குப் பழக்கந்தான். நீங்க லீவுல வந்து மொத நாள் நைட்டு, 'ஏ பிள்ள, அசையாமப் படு'ன்னு ஒரு சத்தம் போடுவீக பாருங்க. எத்தன பாயி நனைச்சிருப்பேன்."

"ஏட்டி, இப்ப எதுக்கு அது?" என்றார் சரஸ்வதி.

பாய். ராமசுப்புவுக்கு அந்தப் பாய்கள் நினைவில் இருந்தன. அவர் லீவில் வரும்போதெல்லாம் சரஸ்வதி விடியுமுன்னே எழுந்து, குடத்துத் தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றிப் பாய் அலசுவார். 'என் சம்சாரம் இருக்காளே, விடியக்காலையில பாய் வரைக்கும் அலசிப் போட்ருவா, ஆர்மிக்காரன் வீடுன்னா அப்படி' என்று அவர் எத்தனை முகாம்களில் சொல்லியிருக்கிறார்! பஞ்சாபிகளிடமும் மலையாளிகளிடமும் தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லியிருக்கிறார். அவர்களும் தலையாட்டியிருக்கிறார்கள். மகள் மூத்திரத்தைத் தேசமெங்கும் கொண்டுபோய்ப் பெருமை பேசிவிட்டு வந்திருக்கிறார்.

"ஏன் சொல்லல?" என்றார்.

சரஸ்வதி பையின் வாயைச் சுருக்கினார். "வர்றதே கொஞ்ச நாளு. அதுல அவளும் பயந்து, நீங்களும் சங்கடப்பட்டுன்னு எதுக்கு? போனப்புறம் அவளுக்கு உங்க போட்டோவைக் காட்டிச் சரிபண்ணிருவேன். போட்டோவுக்கு அவ பயந்ததில்ல."

மைக்கில் ஜெகதீஸ்வரன் டீச்சரை மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார். ராமசுப்பு எட்டிப் பிரவீணாவின் கையிலிருந்த பாவாடையையும் ஜட்டியையும் வாங்கினார். அவள் உடனே விடவில்லை.

"குடு. நீங்க போங்க, அம்மாவைக் கூப்பிடுறாக."

"பட்டு அது, முறுக்கிப் பிழியக் கூடாது," என்றார் சரஸ்வதி. வேறொன்றும் சொல்லவில்லை. மூவரும் போனார்கள். பாப்பா தொளதொளவென்ற டவுசரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

லாரித் தண்ணீர் தொட்டியில் பாதிதான் இருந்தது. ஒரு மக்கு மொண்டு, குத்தவைத்து அலசினார். மெடல்கள் தொட்டிச் சுவரில் இடித்தன. கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பந்தலிலிருந்து சரஸ்வதியின் குரல் மைக்கில் வந்தது. ஏற்புரையில் முதலில் நன்றிதான் சொல்வார்கள்.

"மொதல்ல, ஒண்ணுக்கு வர்றவுக எல்லாம் எந்திரிச்சுப் போயிட்டு வாங்க. யாரையும் கேக்க வேண்டாம்."

தடதடவென்று சத்தம். எல்கேஜி முழுக்கப் பள்ளியின் மூலையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தது. ஓடிவந்த பிள்ளைகள் தொட்டியடியில் அவரைப் பார்த்ததும் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. ஒன்றுகூட அசையவில்லை. முன்னால் நின்ற பையன், தூக்கிய விரலை மெதுவாக முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். கால்களை இறுக்கி ஒட்டிவைத்துக்கொண்டான்.

ராமசுப்பு கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பாவாடையை வேலிக்கம்பியில் போட்டுவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். முழங்கால் மளுக்கென்று சொடுக்க, அந்தப் பையனுக்கு முன்னால் குத்தவைத்து டவுசர் பட்டனைத் தேடினார். பட்டன் இறுக்கமாக இருந்தது. முதல் தடவை வழுக்கியது. வரிசை பொறுமையாக நின்றது.