மூன்றாம் மாடி மேசைகள்

ஏலம் கேட்கிறவர்கள் நடுவே அவள் கணவருக்கு 'ரெண்டுதரம்' என்று பெயர். ஏலக்காரர் "ஒருதரம்" சொல்லும்வரை மனுஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "ரெண்டுதரம்" விழுந்த பிறகுதான் கை மேலே போகும். அதற்குள் போட்டிக்காரர்கள் அந்தப் பொருளை மனசுக்குள் லாரியில் ஏற்றி, வீட்டில் இறக்கி, நல்ல விலைக்கு விற்றும் இருப்பார்கள். அந்த நேரம் பார்த்து வாயில் போட்டதைப் பிடுங்குவதுதான் அவருடைய முப்பது வருஷத் தொழில்.

அப்படி எடுத்து வந்தவை வீட்டில் தங்கினதில்லை. போன மாசம் சாப்பிட்ட மேசை இந்த மாசம் இருக்காது. விருந்தாளியாக வந்த சம்பந்தி "நாற்காலி நல்லா இருக்கே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு, போகும்போது அதை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார், பணம் கொடுத்துத்தான். ஒரே மகள் பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் எழுதி முடித்தது மொத்தம் பத்தொன்பது மேசையில். எண்ணி வைத்திருக்கிறாள், இப்போதும் போனில் சொல்லிச் சிரிப்பாள்.

அன்றைக்கு அவர் செய்தித்தாளை மடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, "உன் ஓட்டல் ஏலத்துக்கு வருது. மொத்தமும்" என்றார்.

அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அந்த ஓட்டலில் அவள் பத்தொன்பது வருஷம் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தாள். நாலு மாடி, அறுபத்து நாலு அறை. வரவேற்புக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு பொந்து. அதில் ஒரு போர்டு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, அவள். தானாக இணைப்புக் கொடுக்கும் இயந்திரம் வந்ததும் ஒரு கைக்கடிகாரத்தைப் பரிசாகக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதுவும் ஆச்சு பதினைந்து வருஷம்.

கணவர் அவளுக்கு அறிமுகமானதும் அந்தப் போர்டில்தான். ஓட்டலில் கழித்துப் போடும் கட்டில் மெத்தையை வாங்குவதற்காக மேனேஜரைக் கேட்டு போன் பண்ணுவார். மேனேஜர் நாலு மணிக்கே கிளம்பிவிடுவார் என்று தெரிந்தும் நாலரைக்குப் பண்ணுவார். "இல்லையா? பரவாயில்லைங்க, நாளைக்குப் பண்றேன்." அந்த நாளைக்கு என்பது எட்டு மாசம் நீண்டு கல்யாணத்தில் முடிந்தது. ஊரில் உள்ள கட்டிலெல்லாம் வாங்கி விற்கிறவர், கல்யாணத்துக்கு அவள் அப்பா செய்து கொடுத்த கட்டிலையும் மூன்றாம் வருஷம் விற்றுவிட்டார் என்பது வேறு கதை.

"நானும் வர்றேன்" என்றாள். அவர் ஏலத்துக்குப் போகும்போது அவள் இதுவரை கூடப் போனதில்லை.

"வா வா. உனக்குத் தெரியாத அறையா அங்க?"

தெரியாது என்பதுதான் உண்மை. அவள் மாடிக்குப் போனதே விரல் விட்டு எண்ணும் தடவைதான். அறைகளைக் காதால்தான் தெரியும். இருநூற்றுப் பத்துக்குத் தலையணை இரண்டு போதாது. நானூற்று மூன்றுக்கு யார் வந்தாலும் வெந்நீர் வரவில்லை என்பார்கள். அப்படி.

ஆனால் காதால் கேட்ட ஒரு விஷயம் அவளிடம் இருந்தது. பொருள்களைப் பார்வையிட விட்ட நாளில், வண்டியை நிறுத்தும்போதே அதைக் கணவரிடம் சொன்னாள். "மூணாம் மாடில வெள்ளை பெயின்ட் அடிச்ச மேசை பன்னெண்டு இருக்கும். உள்ளே அத்தனையும் தேக்கு. முதலாளி மகன் பொறுப்புக்கு வந்தப்போ, பழசா இருக்குன்னு மேல வெள்ளையை அடிக்கச் சொன்னான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பெயின்ட்காரருக்கு லைன் போட்டுக் கொடுத்தது நான்தானே. லைன் சேர்ந்துச்சான்னு பார்க்க ரெண்டு செகண்ட் காது கொடுத்துத்தானே ஆகணும்."

"ரெண்டு செகண்டா?"

"அன்னிக்கு ரெண்டு நிமிஷம்."

கணவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சாவியைச் சட்டைப்பையில் போடுவதற்குப் பதிலாகக் கீழே போட்டார்.

உள்ளே கூட்டம் மெத்தையை அமுக்கிக்கொண்டும் குழாயைத் திருகிக்கொண்டும் இருந்தது. அவருடைய பழைய போட்டியாளர், கண்ணாடிக் கடைக்காரர், நிலைக்கண்ணாடிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறைப் பாத்திரங்களில் ரொம்ப அக்கறை உள்ளவர் மாதிரி நின்றுகொண்டார். அவள் மட்டும் படியேறினாள்.

மூன்றாம் மாடியில் முந்நூற்று ஏழாம் அறைக் கதவு திறந்திருந்தது.

முந்நூற்று ஏழில் இருந்தவர் ஓய்வு பெற்ற கப்பல் எஞ்சினியர். அவள் வேலையில் இருந்த கடைசி ஏழு வருஷமும் அந்த அறையிலேயே குடியிருந்தார். முகத்தை அவள் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போர்டில் அந்த விளக்கு எரியும்.

"மணி என்னம்மா ஆச்சு?"

"ஆறு சார்."

"சரியா ஆறா?"

"ஆறாக ஒரு நிமிஷம் இருக்கு சார்."

"அப்ப என் வாட்ச் மறுபடியும் ஓடலை."

ஒருநாள் வெளியே மழை பெய்கிறதா என்று அவள் கேட்டாள். தனக்கு ஜன்னல் இல்லை என்றாள். "அட பாவமே" என்றார். அன்றிலிருந்து மணி கேட்டு முடித்ததும் இரண்டு நிமிஷம் தெருவைச் சொல்வார். பழக்கடைக்காரர் கூடையை உள்ளே இழுக்கிறார், மேகம் வருகிறது. மஞ்சள் குடையோடு ஒரு அம்மா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டாள், பஸ்ஸைத் திட்டுகிறாள். தையல்கடையில் விளக்குப் போட்டாயிற்று. ஏழு வருஷம் அவளுடைய சாயங்காலங்கள் இப்படித்தான் வந்து போயின.

அந்த ஜன்னலைப் பார்க்கத்தான் அவள் உள்ளே போனாள். மேசை ஜன்னலை ஒட்டிக் கிடந்தது. திரையை ஒதுக்கினாள். பழக்கடை இல்லை, போன் விற்கும் கடை வந்திருந்தது. தையல்கடைப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு மேலே, நேர் எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல மணிக்கூண்டு. வண்டிச் சக்கரம் அளவுக்குக் கடிகாரம். பதினொன்று இருபது.

அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருவில் இருந்த ஒவ்வொரு கூடையையும் குடையையும் சொன்ன மனுஷன் இதை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.

"ஆப்பரேட்டரம்மா தானே?"

வாசலில் நின்றவர் மூன்றாம் மாடி மேற்பார்வையாளர். மாடி அண்ணன் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அண்ணா, இந்தக் கடிகாரம் அப்பவே இருந்துச்சா?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே இருக்கு." அவர் புரிந்துகொண்டவர் போலச் சிரித்தார். "அஞ்சே முக்காலுக்கே சட்டை மாத்திக்கிட்டு இந்த மேசைல வந்து உக்காந்துடுவார்மா. ஒரு கண்ணு கடிகாரத்துல, ஒரு கை போன்ல. நான் காபி வச்சா, 'இப்ப வேண்டாம், ஒரு போன் பண்ண வேண்டியிருக்கு'ம்பார்."

"நான் போனப்புறம்?"

"மெஷின் வந்தப்புறம் ரெண்டு நாள் பண்ணிப் பார்த்தார். யாரோ ஒரு பொம்பளை ரெக்கார்டுல பேசுச்சு. வச்சுட்டார். அப்புறம் ஒரு வருஷம் இருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரலை."

அண்ணனே பேச்சை மாற்றினார். பஸ் நிலையத்துப் பக்கம் சின்னதாய்ச் சாப்பாட்டுக் கடை போடப்போகிறாராம். மேசை நாலு வேண்டும். "பன்னெண்டையும் ஒரே லாட்டா போட்டிருக்காங்க. எடுத்து, நாலை வச்சுக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடலாம்னு பார்க்கிறேன். இருபத்தாறு வருஷம் துடைச்ச மேசை. உள்ளே என்னன்னு எனக்குத் தெரியும். வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லியாயிற்றே! அவளுக்கு முகம் சுட்டது.

திரும்பும் வழியில் கணவரிடம் கடிகாரக் கதையை முதலில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே வந்து, "ஓஹோ. நாலரைக்கு நான், ஆறு மணிக்கு அவர். நான் மட்டும்தான்னுல்ல நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு அவரே மெதுவாக, "பாவம், நானாவது நேர்ல வந்தேன்" என்றார்.

அப்புறம் அண்ணன் விஷயத்தைச் சொன்னாள். அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"தொழில்னு வந்தா அண்ணன் தம்பி பார்க்க முடியுமா? அவர் கேட்கலேன்னா கண்ணாடிக்காரன் கேட்பான்."

"கண்ணாடிக்காரர் கேட்டா நீங்க கேளுங்க. அண்ணனுக்கு மேல கேட்காதீங்க."

"ஏலத்துல இது யாருக்கு மேல அது யாருக்கு மேலன்னு..."

"எனக்காக."

வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது "சரி" என்றார்.

மறுநாள் காலை ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் ஏலம். கட்டில் போயிற்று, கண்ணாடி போயிற்று. அவளுடைய போர்டும் ஒரு பழைய இரும்புக்காரருக்குச் செம்புக் கம்பிக்காகப் போயிற்று. மனசு கலங்கும் என்று பயந்திருந்தாள்; ஒன்றும் ஆகவில்லை. பிறகு மூன்றாம் மாடி மேசைகள் வந்தன. எட்டாயிரத்தில் ஆரம்பித்தது. அண்ணன் பத்து என்றார். கண்ணாடிக் கடைக்காரர் சும்மா கேட்பது போலப் பன்னிரண்டு என்றார். அண்ணன் பதினைந்து. அவர் பதினாறு. அண்ணன் பதினெட்டு என்றபோது குரல் கம்மியிருந்தது.

"பத்தொன்பது" என்றார் கண்ணாடிக்காரர்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"பத்தொன்பதாயிரம், ஒருதரம்..."

கணவர் கூரையைப் பார்த்தார். கொடுத்த வாக்கை நினைத்தா, பழக்க தோஷமா, தெரியாது. "ரெண்டுதரம்..." கை கீழேயே இருந்தது. ஏலக்காரர் சுத்தியலை ஓங்கினார்.

"இருபது!"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கேட்டது அவள்தான். பத்தொன்பது வருஷம் நாலு மாடிக்கும் கேட்ட குரல், மைக்கே தேவைப்படவில்லை. கணக்கு மேசையில் இருந்த பழைய காசாளர் எழுந்தே நின்றுவிட்டார். "ஆப்பரேட்டரம்மா!"

கண்ணாடிக்காரர் கண்ணைச் சுருக்கினார். "இருபத்தொண்ணு."

"இருபத்திரண்டு!"

"இருபத்திமூணு."

"இருபத்தஞ்சு!" என்றாள் அவள். இருபத்து மூன்றுக்கு அடுத்து இருபத்து நாலு என்று ஒரு எண் இருப்பதே அவளுக்கு அப்போது ஞாபகத்தில் இல்லை.

கண்ணாடிக்காரர் கையை விரித்தார். சுத்தியல் விழுந்தது.

கணவர் அவள் காதோரம் குனிந்தார். "எடுத்தது சரி. குரல்லயே ஆசையைக் காட்டி ஐயாயிரம் அதிகமாக்கிட்டியே தாயே. முப்பது வருஷம் ஏன் கூட்டிட்டு வரலேன்னு இப்ப தெரியுதா?" திட்டு மாதிரித்தான் சொன்னார். ஆனால் வரிசையில் நின்று பணம் கட்டும்போது பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம வீட்டம்மா" என்று சொன்னது அவளுக்குக் கேட்டது.

பின்வாசலில் மேசைகளை இறக்கி வரிசையாகப் போட்டார்கள். அவள் போய் அண்ணனைக் கூட்டிவந்தாள். எடுத்த விலைக்கே நாலை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கணவர் தொண்டையைக் கனைத்தார், மறுக்கவில்லை.

அண்ணன் ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் கையை விட்டுத் தடவினார். மூன்றைத் தனியே தள்ளினார். "இது மூணும் தேக்கு இல்லை. நீங்க போனப்புறம் உடைஞ்சுதுன்னு மாத்தினது. தூள்பலகை. மேல பெயின்ட் அடிச்சா எல்லாம் ஒரே நிறம்தானே."

கணவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணாடிக்காரர் போன திசையைப் பார்த்தாள்.

"நாலு எடுத்துக்கங்க, நல்லதா" என்றாள்.

"அதெப்படிம்மா? பங்குன்னா பங்குதான். நல்லதுல மூணு, சொத்தைல ஒண்ணு." சொன்னபடியே பிரித்து வைத்தார். அதில் ஒன்றை மட்டும் எடுத்து, மறுபடி யோசித்து, அவர்கள் பக்கம் வைத்தார். "இது முந்நூத்தி ஏழுல இருந்தது. உங்ககிட்ட இருக்கட்டும்."

அவள் அந்த மேசை மேல் கையை வைத்தாள். பெயின்ட் சில்லென்று இருந்தது. எங்கள் வீட்டில் போட்டால், என்று நினைத்தாள். பத்து நாள். அதிகம் போனால் ஒரு மாசம்.

"நீங்களே கொண்டு போங்க அண்ணா. எங்க வீட்டுல எதுவும் நிக்காது."

"ஏன், விக்க மாட்டேன்னு நான் சொன்னா?" என்றார் கணவர், நிஜமாகவே மனம் வாடி.

"கல்யாணக் கட்டிலையே வித்தவர் நீங்க."

"அது செல்லரிச்சிருந்தது!"

அண்ணன் சிரித்துவிட்டார். மேசையை மாற்றிக்கொண்டு தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். அது தெருமுனை திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயின்ட்டைச் சுரண்டி மெருகேற்றப் பதினாறு நாள் ஆயிற்று. வெள்ளைக்கு அடியில் இருந்து தேன் நிறத்தில் மரம் வந்தபோது கணவர் அவளை அடுப்படியில் இருந்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். ஆறு தேக்கு மேசையும் ஒரு டாக்டருக்கும் ஒரு புத்தகக் கடைக்கும் போயின. லாபம் இருந்தது, அவர் வழக்கமாகப் பார்க்கும் அளவுக்கு இல்லை. சொத்தை இரண்டையும் வந்த விலைக்குத் தள்ளினார்.

அண்ணன் சாப்பாட்டுக் கடை திறந்து ஒரு மாசம் கழித்து இரண்டு பேரும் அங்கே சாப்பிடப் போனார்கள். நல்ல கூட்டம். அண்ணன் தன் தேக்கு மேசை மூன்றையும் மெருகேற்றியிருந்தார். முந்நூற்று ஏழாம் அறை மேசை தெருப் பக்கம் வாசலை ஒட்டிக் கிடந்தது. அதில் பஸ் ஓட்டுநர் ஒருவரும், அவர் மனைவியும், யாரென்றே தெரியாத இன்னும் இரண்டு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒருவர் தட்டுக்கு மேல் ஒருவர் கையை நீட்டிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எழுப்பி இடம் பிடிச்சுத் தரட்டுமாம்மா?" என்றார் அண்ணன்.

"ஐயோ, வேண்டாம் அண்ணா. பேசட்டும்."

உள்ளே தூள்பலகை மேசைதான் கிடைத்தது. ஒரு கால் ஆடியது. கணவர் பையில் இருந்த ஏலச் சீட்டை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் சொருகிவிட்டு, பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய விளக்கை, அது எங்கே வாங்கினது, என்ன விலைக்குக் கொடுப்பார் என்று அண்ணனிடம் விசாரிக்க ஆரம்பித்தார்.